ஒரு போல்ட் குறையுது

"ஒரு போல்ட் குறையுது" என்றான் சூரியபிரகாஷ், காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி.

கனகாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, "நல்லாப் பாருங்க" என்றாள்.

அன்று அலங்காநல்லூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. கல்யாணமாகி மூன்று வருடம். எந்த விசேஷத்துக்குப் போனாலும், இலையில் சோறு விழுமுன்பே அவளுக்கு அந்தக் கேள்வி விழுந்துவிடும். "என்னத்தா, இன்னும் ஒண்ணும் இல்லையா?"

போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில் பாதி இலையில் எழுந்தவள், குழாயடியில் நின்று அழுதுவிட்டு வந்தாள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்ட மாமியார் தங்கப்பொண்ணுவிடம், சோப்பு பட்டுவிட்டது என்று சொல்லிவைத்தாள்.

கேட்பவர்களில் முதல் ஆள் மாமியாரின் அக்கா அன்னக்கொடி. காரில் சேர்ந்து போகலாமென்று பட்டுச்சேலையோடு வந்து, நாகமலை புதுக்கோட்டையில் இவர்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

சூரியபிரகாஷ் எதையும் வரிசைப்படி செய்கிறவன். முன்சக்கரத்து பிரேக் டிஸ்க் தேய்ந்துபோனதால், புதுசு வாங்கி வந்து விடியும்போதே வேலையை ஆரம்பித்துவிட்டான். கழற்றிய போல்ட்டுகளை இட்லித் தட்டின் குழிகளில் ஒவ்வொன்றாக வைத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டான்.

"இட்லி ஊத்துற தட்டுலயாடா வைப்ப? கேக்க ஆளில்லாமப் போச்சு!" தங்கப்பொண்ணு தட்டைத் தூக்கி அவன் மூஞ்சிக்கு நேராக ஆட்டிவிட்டு, டமாரென்று தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது புது டிஸ்க் பளபளவென்று ஏறி நின்றது. பிரேக் மிதித்தால் அதைக் கவ்வுகிற காலிப்பரைப் பிடித்து நிறுத்துகிற போல்ட்டில்தான் ஒன்றைக் காணோம்.

"போட்டோவுல இருக்கு, குழியில இல்ல. நானே எடுத்து வேற எங்கயும் வச்சுட்டேனோ?" அவனுக்கு அவன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சட்டைப்பையைத் தடவினான். செருப்பைக் கவிழ்த்து உதறினான்.

"மெக்கானிக்கிட்ட விட்டிருந்தா இந்நேரம் காதே குத்தி முடிச்சிருப்பாக" என்றாள் அன்னக்கொடி. "ஒரு போல்ட்டு தானடா, அது இல்லாமயே ஓட்டு."

"பிரேக்கு பெரியம்மா! ஞாயித்துக்கிழமை, கடையும் இருக்காது."

கனகா விளக்குமாற்றோடு தேடினாள். போல்ட் உருண்டுபோக வழியே இல்லாத இடங்களாகப் பார்த்துத் தேடினாள். கிடைத்துவிடக் கூடாதென்று அழகருக்கு ஒரு தேங்காய்கூட நேர்ந்துகொண்டாள்.

"அப்ப எல்லாரும் பஸ்ஸுல போயிருவோம்" என்று எழுந்தாள் அன்னக்கொடி. "கனகா, போயி சேலையை மாத்து. அங்க அம்புட்டுப் பேரும் உன்னையத்தான் கேப்பாக. மருந்து குடுக்குற ஒரு அம்மாவையும் வரச் சொல்லிருக்கேன்."

கனகாவின் விளக்குமாறு அப்படியே நின்றது.

தங்கப்பொண்ணு வெடித்தாள். "இவ எதுக்கு? ஜாக்கியில நிக்கிற வண்டியை வச்சுக்கிட்டு இவன் ஒத்தையில என்ன செய்வான்? பெடலை மிதிக்க ஒரு ஆளு வேணாமா? புருசனும் பொண்டாட்டியும் இங்கயே கிடங்க! உங்களைக் கூட்டிட்டுப் போனா எனக்குத்தான் கேவலம். நீ வாக்கா!"

அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பாராமல் தெருமுனை தாண்டிவிட்டாள்.

தப்பித்த சந்தோஷம் பாதி, மாமியார் வாயால் இப்படிக் கேட்க வேண்டியதாகிவிட்டதே என்ற வருத்தம் பாதியாக கனகா நின்றாள். சூரியபிரகாஷ் துளசிச் செடி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் அவள் செல்போன் அடித்தது. பஸ் ஹாரனுக்கு நடுவே மாமியாரின் குரல், ரகசியம்போலத் தாழ்ந்து வந்தது.

"சாப்பிட்டீகளா? அக்கா தூங்கிருச்சு, அதான் பேசுறேன்."

"இன்னும் கிடைக்கல அத்தை. அவரு தேடிக்கிட்டேதான் இருக்காரு."

"தேடட்டும் விடு. போல்ட்டு என் பர்சுலதான் இருக்கு."