மாப்பிள்ளைக் கத்தி

"எந்தக் கத்தி பொண்ணு பக்கத்துல உட்காருதோ, அந்தக் கத்திக்காரன்தான் புருஷன். நல்லாப் பார்த்து எடும்மா. அப்புறம் சாமியே வந்தாலும் மாத்த முடியாது," என்றார் பூசாரி.

மாப்பிள்ளையின் அம்மா ரெந்தி குனிந்து பார்த்தாள். எதிரே பாயில், பாம்பு போல் நெளிந்த அலகுள்ள கெரிஸ் கத்திகள் மூன்று உறையோடு கிடந்தன. மூன்றுக்கும் தங்கப் பிடி, பிடியில் ராட்சச முகம், நெற்றியில் சிவப்புக் கல். தனக்கும் தன் இரண்டு பையன்களுக்குமாக அவள் புருஷன் ஒரே கொல்லனிடம் செய்து வாங்கியவை. போன சனிக்கிழமை ஆயுத பூசையில் தெளித்த தீர்த்தத்தில் பெயர்ச் சீட்டுகளின் மை கரைந்து ஓடிவிட்டது. இனி எது யாருடையது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மூத்தவன் அஸ்திகா கப்பலில் சமையல்காரன். இந்த நேரம் எங்கேயோ நடுக்கடலில் இருந்தான். மாப்பிள்ளை வர முடியாவிட்டால் அவன் கத்தியை உட்காரவைத்துக் கல்யாணத்தை முடிப்பது பாலித் தீவில் புதிதல்ல. ரெந்தியும் பெண்ணின் அப்பாவும் அப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள். பத்தரைக்கு நல்ல நேரம் முடிகிறது. இப்போதே மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது.

"இது அவரோடது," என்று ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள் ரெந்தி. "உறையில கரையான் அரிச்ச தழும்பு இருக்கு. நல்லவேளை! செத்துப்போன மனுஷனுக்கு ரெண்டாந்தாரம் கட்டி வெச்சிருப்பேன்."

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"டேய் முதித்தா, மீதி ரெண்டுல உன் கத்தி எதுன்னு கூடவாடா தெரியாது?"

சின்னவன் முதித்தா தலையைச் சொறிந்தான். வாசல் தோரணத்திலிருந்து விருந்துக்குப் பன்றி வாங்கியது வரை எல்லாம் அவன் வேலைதான். பெண் வீட்டுக்கு நடையாய் நடந்ததும் அவன்தான்.

"எப்பவோ ஒரு தடவை எடுக்கறோம். அதையும் முதுகுப் பக்கம் செருகிக்கறோம். முதுகுல இருக்கறதை எவன்ம்மா பார்த்தான்?"

"நல்லா வாய் மட்டும் பேசு!"

அஸ்திகாவை ஃபோனில் பிடித்தார்கள். பின்னால் ஒரே பாத்திரச் சத்தம்.

"சிவப்புக் கல் இருக்கும்மா."

"ரெண்டுலயும் இருக்குடா, பாவி!"

"அப்ப ஏதாவது ஒண்ணை வைம்மா. எனக்கு இங்கே நானூறு பேருக்கு ஆம்லெட் போடணும்."

லைன் போய்விட்டது. ரெந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாத்தி வெச்சிட்டா பொண்ணு தம்பி பொண்டாட்டியாயிடுவாளே! பெரியவன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

பூசாரி இரண்டையும் உறையிலிருந்து உருவி, அலகின் வளைவுகளை விரல் வைத்து எண்ணினார்.

"இதுல ஒன்பது வளைவு. இதுல பதினொண்ணு. அஸ்திகாவோடது எதுன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

முதித்தா உதட்டைப் பிதுக்கினான்.

"பதினொண்ணு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னது கல்யாணப் பெண் சுலாந்த்ரி. தலையில் அடுக்கிய தங்கப் பூக்களின் பாரத்தில் குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

"நிச்சயமாத் தெரியுமா, பொண்ணே?" என்றார் பூசாரி.

"தெரியும். பதினொரு வளைவுன்னு எங்கிட்ட சொல்லியிருக்கார்."

அத்தைமார்கள் சும்மா விடுவார்களா?

"அடி கள்ளி! பெத்தவளுக்கே தெரியாததை உங்கிட்ட சொல்லி வெச்சிருக்கானா?"

"ஃபோன்ல வேற பேச்சே கிடைக்கலையாடி உங்களுக்கு? கத்தி வளைவைத்தான் எண்ணினீங்களா?"

மண்டபமே சிரித்தது. ரெந்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"என் தாயே! இந்த வீட்டு மானத்தைக் காப்பாத்திட்டே!"

பதினொரு வளைவுக் கத்திக்கு வெள்ளையும் மஞ்சளுமாகத் துணி சுற்றி, பெண்ணுக்குப் பக்கத்தில் மெத்தை போட்டு வைத்தார்கள். பூசாரி மணியை ஆட்டி மந்திரம் சொன்னார். தீர்த்தம் தெளித்து, பெண்ணின் நெற்றியில் அரிசி ஒட்டினார். பத்தரைக்குள் எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

கூட்டம் சாப்பிடப் போனது. ரெந்தியும் நிம்மதியாகச் சம்பந்தியை அழைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

முதித்தா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து சுலாந்த்ரியிடம் நீட்டினான். யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"பயந்தே போயிட்டேன் சுலா," என்றான் மெல்ல. "வாய் தவறி ஒன்பதுன்னு சொல்லியிருந்தா, நிஜமாவே அண்ணனுக்குல்ல வாக்கப்பட்டிருப்பே!"