ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்

ஒன்பதாம் வகுப்பில் பெல்சி எறிபந்துப் போட்டிகளுக்காக ஊர் ஊராகப் போனாள். "இந்த வருஷ மார்க்க யாரு பாக்கப் போறா? தைரியமாப் போயிட்டு வா" என்று அனுப்பிவைத்தவர் வகுப்பாசிரியர் தாசன். பள்ளிக்குக் கோப்பை வந்தது; அவளுக்கு மதிப்பெண் குறைந்தது. பன்னிரண்டில் அவள்தான் பள்ளியில் முதல். ஆனால் அவள் ஆசைப்பட்ட கல்லூரி ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு வருட மதிப்பெண்களையும் கூட்டிப் பார்த்து இடமில்லை என்றது. அவளோடு ஒரே பெஞ்சில் படித்த அஜிதாவுக்கு, தாசனின் மகளுக்கு, அங்கே இடம் கிடைத்தது.

"ஒம்பதாங்கிளாஸ் மார்க்கும் பாப்பாங்கன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று பெல்சி கேட்டாள்.

"அப்பவே தெரியும். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

"யாருகிட்டயும்னா, எங்கிட்டயுமா?"

அஜிதா கல்லூரிக்கு வாங்கிய புதுப் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.