படத்தில் இல்லாத மூன்று நாள்

"நேற்றிலையிருந்து மகன்ரை குளிசையை நிப்பாட்டிப்போட்டன், தம்பி. குடிச்சால் அவனுக்குக் கை நடுங்குது, பந்து வழுக்குது. நாளைக்கு ஃபைனல் எல்லோ."

பத்திநாதர் இதைக் கிங்ஸ்டனின் காதுக்குள் சொன்னபோது படம் தொடங்கிவிட்டது.

அவருடைய மகன் டெனிஸ்டன், ஓல்னே கிரிக்கெட் அணியின் வேகப்பந்து வீச்சாளன். மூன்று மாதம் மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, தினமும் விழுங்க மாத்திரைகளோடு ஈஸ்டருக்குத்தான் வீடு திரும்பியிருந்தான்.

"அவளுக்குச் சொல்லிப்போடாதையும்," என்று, தமிழ் தெரியாத பிரெஞ்சுத் தாதி ஆன்ஜெலிக்கைக் கண்ணால் காட்டினார்.

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், ஒரு ஃபோன் கடைக்கு மேலே உள்ள அறை. சனிக்கிழமை மத்தியானம். இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு ஆன்ஜெலிக் மாதம் ஒரு படம் போடுவாள். கிங்ஸ்டன் திரைக்குப் பக்கத்தில் நின்று வசனங்களைத் தமிழில் சொல்வான்.

இன்றைக்குப் பழைய அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படம். மைதானத்தில் மனம் உடைந்துபோகும் ஒரு பேஸ்பால் வீரன்.

"கிரிக்கெட்டைப் பழுதாக்கி வைச்சிருக்கிறாங்கள்," என்றார் பத்திநாதர். நாலு பேர் சிரித்தார்கள்.

வீரன் கத்தினான். மட்டையை எறிந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதுவரை கிங்ஸ்டன் உள்ளதை உள்ளபடியே சொன்னான்.

பிறகு வீரனின் மனைவி ஆஸ்பத்திரி மர வாங்கில் தனியாக வந்து உட்கார்ந்தாள். அவள் வாயே திறக்கவில்லை.

"நான்தான் அவரின்ரை குளிசையை நிப்பாட்டினனான் எண்டு மனசுக்குள்ளை சொல்லுறா," என்றான் கிங்ஸ்டன்.

அந்தப் படத்தில் குளிசையே கிடையாது.

அவன் நிறுத்தவில்லை. ஒரு விசேஷம் வந்ததாம். நாலு பேருக்கு முன்னால் தூங்கி வழியாமல், முகம் தெளிவாக நிற்கட்டும் என்று நினைத்தாளாம். முதல் நாள் அவன் சிரித்தானாம். இரண்டாம் நாள் நித்திரையே இல்லையாம்.

மூன்றாம் நாள் செத்துப்போனானாம்.

பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். படம் அவர்களைத் தொட்டுவிட்டது என்று ஆன்ஜெலிக் திருப்தியாகத் தலையாட்டினாள்.

பத்திநாதர் எழுந்து கதவடிக்குப் போனார். ஃபோனில் மனைவியிடம் பேசிய அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஞானம், அவன்ரை குளிசையைக் குடு. ஓம், இப்பவே. ஃபைனலும் மண்ணாங்கட்டியும்! குடுத்திட்டு எனக்குச் சொல்லு."

அவர் திரும்பி வந்தபோது வீரன் மட்டையோடு மைதானத்துக்குள் நடந்துகொண்டிருந்தான். சனம் எழுந்து நின்று கைதட்டியது.

"செத்தவன் எப்பிடித் தம்பி வாறான்?"

"அது அவ காணுற கனவு, அண்ணை."

பத்திநாதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவளை என்ன செய்தவங்கள்? பொலிஸ் பிடிச்சு மறியலிலை போட்டவங்களோ?"

"இல்லை. எல்லாரும் வந்து ஆறுதல் சொன்னவை."

"விசர்ச் சனங்கள்," என்றார் பத்திநாதர்.

போன வருஷம், இதே மாதிரிக் குளிசை குடித்துவந்த தன் மனைவி மேரிறோஸின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கிங்ஸ்டன் நின்றபோது, முதலில் வந்து, அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதவர் பத்திநாதர்தான்.