பன்னிரண்டு பேர், ஒன்பது மணி நேரம்

மாஸ்க்கை மாட்டிப் பத்து நிமிடமாகிவிட்டது. என் மனைவி இன்னும் சிரிக்கவில்லை.

சிரிப்பு வாயு என்று இதற்குப் பேர் வைத்த ஆள் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்க வேண்டும். கட்டில் உடையும், ஜன்னல் கண்ணாடி தெறிக்கும், பக்கத்து வார்டிலிருந்து புகார் வரும் என்றெல்லாம் எதிர்பார்த்து, நான் புதுச் சட்டை வேறு போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

அவள் கண் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

தலையில் குளியல் தொப்பி மாதிரி ஒன்று. அதிலிருந்து ஒயர், ஒயர், ஒயர். ஐந்நூறாவது இருக்கும். எட்டு மாடிக் கட்டடத்துக்கே நான் அத்தனை ஒயர் இழுத்ததில்லை. இழுத்தவன் சொல்கிறேன், நான் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்றாகிவிட்டது. வாய் மட்டும் இன்னும் டூட்டியில் இருக்கிறது.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். திரையில் ஓடிய கோடுகளைக் காட்டி விளக்கினார். மனச்சோர்வு முற்றினால் மூளையின் சில பகுதிகள் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தங்களுக்குள் விடாமல் பேசிக்கொண்டே இருக்குமாம். எந்த மாத்திரைக்கும் மசியாதவர்களுக்கு, இந்த வாயு அந்தப் பேச்சைக் கொஞ்ச நேரம் தளர்த்திவிடுகிறதா என்று பார்க்கிறார்களாம்.

"புரிஞ்சுது. லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு, மோட்டார் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. நீங்க மெயினை ஆஃப் பண்ணிப் போடுறீங்க."

"ஆஃப் எல்லாம் பண்ண மாட்டோம் சார், லேசா தளர்த்துவோம். நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்தீங்கன்னா பெரிய உதவி. நீங்க வாயைத் திறந்தா அங்க கோடு ஆடுது."

ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குச் சிலை வைப்பதென்றால் இதற்குத்தான் வைக்க வேண்டும்.

மூன்று வகை மாத்திரை தோற்றுப்போயிருந்தது. அவள் ஒரு வார்த்தைக்கு மேல் பேசிப் பத்தொன்பது மாதம். இந்த ஒரு எண்ணை மட்டும் நான் கூட்டிச் சொல்வதில்லை. இதுவும் கேட்காவிட்டால் அடுத்து என்ன என்று காலையில் கேட்டேன். டாக்டரம்மா பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

படுத்திருப்பவள் லேசுப்பட்டவள் இல்லை. ஸ்க்ரூ தொழிற்சாலையில் சரக்கைச் சோதிக்கிற வேலை பார்த்தவள். அங்கே பட்டப்பெயர் ஸ்கேல். மயிரிழை தப்பினாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவாள். ஒரு தடவை முதலாளியையே திருப்பி அனுப்பியதாக நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வாயுவை நிறுத்தினார்கள்.

திரையில் அதுவரை கோழி கிளறினாற்போல் இருந்த கிறுக்கல் அடங்கி, பெரிய பெரிய சோம்பேறி அலைகள் வர ஆரம்பித்தன. டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது.

பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு கட்டிலருகே குனிந்தார். பேர் கேட்டார், சொன்னாள். கிழமை கேட்டார், சொன்னாள். மனசு எப்படி இருக்கிறது, பத்துக்கு எத்தனை போடுவீர்கள் என்று கேட்டார்.

"தெரியல."

பத்தொன்பது மாதமாகக் கேட்கிற அதே தெரியல. டாக்டரம்மா சட்டென்று எதையோ எழுதினார். எழுதிய வேகத்தைப் பார்த்தால் பெரிய எண் இல்லை. சில பேருக்குப் பலன் நாளைக்குக்கூடத் தெரியலாம் என்றார், என் சட்டையைப் பார்த்து.

சிஸ்டர் தொப்பியைக் கழற்றத் தொடங்கினார். அந்த அமைதி எனக்கு ஆகவில்லை. சிஸ்டரைப் பிடித்துக்கொண்டு என் பழைய சரக்கை அவிழ்த்துவிட்டேன்.

ஒரு தடவை லிஃப்ட் நடுவழியில் நின்றது. உள்ளே பன்னிரண்டு பேர், ஒன்பது மணி நேரம். ஒருத்தருக்கு மயக்கம், ஒரு அம்மாவுக்குப் பிரசவ வலி. நான் மேல் பலகையைப் பிளந்துகொண்டு கம்பியைப் பிடித்து ஏறி, ஒற்றைக் கையால்...

இந்தக் கதை இந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் மனப்பாடம். முதன்முதலில் இங்கே சொன்னபோது லிஃப்டில் ஐந்து பேர்தான். அப்புறம் ஒவ்வொரு டாக்டர் முன்னாலும், ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தபடியே, ஒவ்வொரு ஆளாக உள்ளே ஏற்றினேன். பிரசவ வலி போன வாரம்தான் ஏறியது.

"மூணு பேர்."

சிஸ்டரின் கை நின்றது.

"நாப்பது நிமிஷம்" என்றாள் என் மனைவி, கூரையைப் பார்த்தே. "அதுலயும் பாதி நேரம் இந்த ஆளு தப்பான பட்டனையே அழுத்திக்கிட்டு இருந்தாரு."

டாக்டரம்மா அவசரமாகத் தாளைப் புரட்டி, இதை எழுத ஒரு கட்டம் தேடினார். இல்லை போலிருக்கிறது. ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டு, அந்த மூன்று பேர் யார் என்று என்னைக் கேட்டார்.

ஒருவன் நான். இன்னொருவர் தபால்காரர், பாவம், கடைசிவரை கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். மூன்றாவது ஆள் ஸ்க்ரூ தொழிற்சாலை இன்டர்வியூவுக்கு ஐந்தாவது மாடிக்குப் போக ஏறியவள். இப்போது எழுந்து உட்கார்ந்து, துண்டால் பிடரியில் ஒட்டிய பசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் பேர்போன புளுகன்தான். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் இன்றுவரை அவளிடம்கூடச் சொன்னதில்லை.

சரியான பட்டன் எது என்று எனக்கு முதல் நிமிடமே தெரியும்.