பாம்பை அனுப்பியவள்

"நான்தான் அனுப்பினேன்" என்றாள் கேரு.

கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது.

பாக்குத் தோப்பில் புல் வெட்டப் போன இனாபியைக் காலையில் பாம்பு கடித்திருந்தது. பாயில் கிடத்தி வைத்திருந்தார்கள். இமை பாதி இறங்கிவிட்டது. பேச்சு குழறியது. எச்சிலை விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்துகொண்டிருந்தது.

நான் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியின் சந்தைக்குப் பாக்கு மூட்டை ஏற்ற வந்த லாரிக்காரன். "வண்டி தயாரா நிக்குது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

"ஏவி விட்ட பாம்புக்கு ஊசி கேக்காது. நீ உன் வண்டியப் பாரு" என்றார் இனாபியின் அப்பா பாராவு. "எவன் ஏவினான்னு முதல்ல தெரியணும். சூனியம் வச்சவன்தான் எடுக்கணும்."

அந்த விசாரணைதான் நடந்துகொண்டிருந்தது. வேலிச் சண்டை போட்டவன், பன்றியைத் திருப்பிக் கேட்டவன், பெண் கொடுக்க மறுத்தவன் என்று ஒவ்வொருவராக இழுத்து வந்து கேட்டார்கள். எல்லாரும் செத்துப்போன அம்மா மேல் சத்தியம் செய்தார்கள். பாயில் கிடந்தவனின் மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது.

அப்போதுதான் கேரு உள்ளே புகுந்தாள். மலையிலிருந்து பிழைக்க வந்தவள். தோப்புக்குப் பின்னால் புல்காட்டு ஓரத்தில் குடிசை போட்டுத் தனியாக இருந்தாள். போன மாதம் இனாபி அவளுடைய வாழைகளை வெட்டிச் சாய்த்து, "மலைக்குரங்கே, மலைக்கே ஓடு" என்று விரட்டியிருந்தான்.

"என் வாழைய வெட்டினான்ல? அதுக்குத்தான்" என்றாள்.

இனாபியின் தம்பி அபாவு வெட்டுக்கத்தியை ஓங்கிவிட்டான். பாராவு அவன் கையைப் பிடித்தார்.

"இவள வெட்டிட்டா யாருடா எடுக்கறது? ஏய், என்னடி வச்ச?"

"அவன் மென்னு துப்பின பாக்குச் சக்கைய கல்லோட சேத்துக் கட்டிப் புதைச்சிருக்கேன்."

"எங்க?"

"பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு மாமரம் நிக்குதே, அதுக்கடியில. போன சந்தைக்குப் பழம் விக்கப் போனப்போ."

"அவ்வளவு தூரம் போயாடி?"

"செத்தவங்களத் தூக்கிட்டு வர்ற வாசல்ல புதைச்சாதான் வேலை செய்யும்."

அபாவு அவள் முகத்தில் துப்பினான். அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"பொழுது சாஞ்சா என்னாலயும் எடுக்க முடியாது" என்றாள்.

அவ்வளவுதான். பாக்கு மூட்டைகளைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். பாயோடு இனாபியை ஏற்றினார்கள். கேருவின் தலைமுடியைப் பிடித்து அவன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

சாலை முழுக்கப் பள்ளம். பாராவு என் தலைக்கு மேலே கூரையைக் குத்திக்கொண்டே வந்தார். "மிதிடா! மிதி!"

பின்னாலிருந்து கேருவின் குரல் கேட்டது. "மல்லாக்கப் போடாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. எச்சி வெளிய வழியட்டும். உள்ள போச்சுன்னா கல்லு இறுகிடும்."

"பேசாம வாடி, பிசாசே!" என்றான் அபாவு. ஆனாலும் அவள் சொன்னபடி அண்ணனைத் திருப்பிப் படுக்க வைத்தான்.

ஆற்றுப் பாலம் தாண்டும்போது அவள்தான் கேட்டாள். "மூச்சு இருக்கா?"

"இருக்கு."

"சீக்கிரம் போகச் சொல்லு."

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்பதற்குள் குதித்தார்கள்.

"அவனை வெயில்ல போடாதீங்க. நான் தோண்டறப்ப அவன் கூரைக்குக் கீழ இருக்கணும்" என்றாள் கேரு. "உள்ள கொண்டு போங்க. யார் தொட்டாலும் தடுக்காதீங்க. தடுத்தா கல்லு கைக்கு வராது."

இனாபியை உள்ளே வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் மாமரத்தடியில் தோண்டினோம். கம்பாலும் கத்தியாலும் கையாலும் தோண்டினோம்.

"எங்கடி கல்லு?"

"இன்னும் ஆழமா."

"இல்லையே!"

"அப்ப அந்தப் பக்கம்."

மரத்தைச் சுற்றிக் குழியாகிவிட்டது. காவலாளி வந்து கத்திவிட்டுப் போனான். அபாவு மறுபடி கத்தியைக் கையில் எடுத்தான். கேரு மண்ணைக் கிளறிக்கொண்டே வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் வெளியே வந்தாள். "இனாபி வீட்டு ஆளுங்க யாரு? மருந்து ஏறிடுச்சு. மூச்சு சீராயிருக்கு. நல்லவேளை, சரியான நேரத்துக்குக் கொண்டு வந்தீங்க."

கேரு குனிந்து குழிக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்துப் பாராவுவின் காலடியில் போட்டாள்.

"இந்தா. எடுத்துட்டேன்."

பாராவு அந்தக் கல்லைத் துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டார். "கடல்ல எறிஞ்சிடறேன். நீ இனி எங்க ஊர்ப் பக்கம் கால் வச்சே, உசிரோட திரும்ப மாட்டே. உன் குடிசைய இன்னிக்கே கொளுத்தச் சொல்றேன்."

எல்லாரும் உள்ளே போனார்கள். அவள் மட்டும் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"நாலு வாழைக்காக ஒரு உசிரையே எடுக்கப் பாத்தியே, அக்கா. மனசு வந்துச்சா உனக்கு?"

அவள் நகத்திலிருந்த மண்ணைச் சுரண்டினாள்.

"என் புருஷனைப் பாம்பு கடிச்சப்பவும் இப்படித்தான் ஏவினவனத் தேடினாங்க, தம்பி. அவரு மூச்சு நிக்கிற வரைக்கும் தேடினாங்க. 'நான்தான் அனுப்பினேன்'னு சொல்ல அன்னிக்கு ஒருத்தரும் வரல."