ஒரு வீட்டுக்கு நூறு தரம்

பின்னேரம் ஆறு மணியெண்டால் எங்கட இணையத்தளம் படுத்திடும். மூண்டு நாளாய் இதே கரைச்சல்.

2009 ஜூன் மாதம். சண்டை முடிஞ்சு வவுனியா முகாம்களிலை இருக்கிற ஆக்களின்ர பெயர்களை, லண்டன் கிங்ஸ்பரியிலை ஒரு கடைக்கு மேல இருந்து நாலு பேர் தட்டித் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தம். வேலை முடிஞ்சு வந்த சனம் சப்பாத்தும் கழட்டாமல் அதிலைதான் சொந்தக்காரரைத் தேடும். முகாமிலை இருந்து பெடியளை ஆமி கொண்டுபோகுதாம் எண்ட கதையும் வந்துகொண்டிருந்துது.

கணினிகள் எங்கட இல்லை, கிளவுட் எண்டு இணையத்தாலை கணினி வாடகைக்கு விடுற ஒரு கம்பனியிட்டை எடுத்தது. கூட்டம் கூடினால் அதுகளும் தானாய்க் கூடும், கலைஞ்சால் குறையும். ஆனால் இருபதுக்கு மேல தரமாட்டினம். ஆறு மணிக்கு இருபதும் நிரம்பிடும். பிறகு வாறவைக்கு வெறும் வெள்ளைப் பக்கம்தான்.

ஆர் இப்பிடிக் கணினியளைத் தின்னினம் எண்டு பாத்தன். ஒரே பெயரைத் திரும்பத் திரும்பத் தேடுற வீடுகள் நூற்றுக்கணக்கிலை இருந்துது. முதலிடம் லண்டனிலையே சட்டன் எண்ட இடத்திலை ஒரு வீடு. ஒரு நாளிலை ரெண்டாயிரம் தரம்.

எனக்கு விசர் வந்திட்டுது.

"ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு நூறு தரம். அதுக்கு மேல மறிக்கப்போறன்" எண்டன்.

எங்களோட பெயர் தட்டுற சிவமலர் அக்காவுக்கு அது பிடிக்கேல்லை. "அதுகளின்ர மனசு படுற அந்தரம் உனக்கு விளங்காது, நிரூபன்" எண்டா.

ஏன் விளங்காது? என்ர சித்தப்பா குடும்பம் இன்னும் ஒரு பட்டியலிலையும் இல்லை. நான் காலமை ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால்தான் பாக்கிறன். இல்லாத பெயர் ரெண்டாயிரம் தரம் தட்டினால் முளைச்சு வருமோ எண்டு அக்காவைக் கேட்டன். அவ திரும்பி அடுத்த பெயரைத் தட்டத் தொடங்கினா.

மறிச்சன். அண்டைக்கு ஆறு மணிக்குப் பதினாலு கணினியோட எல்லாம் வடிவாய் ஓடிச்சுது. எனக்குக் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்லேல்லை.

ஏழு மணிக்குப் போன் வந்துது. சட்டனிலை இருந்து கமலேஸ்வரி எண்டு ஒரு அம்மா. மத்தியானத்திலை இருந்து பக்கம் திறக்குதில்லையாம். தான் ஏதும் பிழையாய் அமத்திப்போட்டனோ எண்டு பயந்து பயந்து கேட்டா.

அந்த ரெண்டாயிரம் தரம் அவவேதான். ஏசத்தான் வாய் வந்துது, அடக்கிக்கொண்டன். இருபது கணினிதான் இருக்கு, உங்களுக்குப் பின்னால எவ்வளவு சனம் நிக்குது எண்டெல்லாம் விளங்கப்படுத்தினன். ஓம் தம்பி, ஓம் தம்பி எண்டு கேட்டுக்கொண்டிருந்தா.

"நீங்கள் தேடுற ஆளின்ர பெயர் வந்தவுடனே நானே எடுத்துச் சொல்லுறன், அம்மா. நீங்கள் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை."



"மகன்ர பெயர் முதல் நாளே வந்திட்டுது, தம்பி," எண்டா. "இப்பவும் அதிலை இருக்கிறானோ எண்டுதான் பாத்துக்கொண்டிருக்கிறன்."