தரையில் ஓடிய ஆறு

கண்காட்சிக் கூடத்தில் மேலேயிருந்து ஒளியைப் பாய்ச்சித் தரையெல்லாம் ஓர் ஆற்றை ஓடவிட்டிருந்தார்கள். அக்கரையில் யாரோ சிந்திய பிஸ்கட் தூள் கிடந்தது; இக்கரையில் கட்டெறும்பும் சிற்றெறும்பும் பசியோடு நின்றன.

“வெறும் வெளிச்சம்தான் அக்கா, வாங்க,” என்றது சிற்றெறும்பு.

“அதோ, ஒரு அம்மா புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அதுல நடந்து போறாங்களே, தண்ணியில்லாமலா?” என்றது கட்டெறும்பு.

சிற்றெறும்பு துணிந்து இறங்கியது. கால் நனையவில்லை. நடு ஆற்றில், அதன் வயிற்றுக்கடியில், மலைபோல் ஒரு தங்கமீன் மெல்ல நழுவிப் போனது. சிற்றெறும்பு நடக்க மறந்து அப்படியே நின்றுவிட்டது.

“என்னடி, ஆழமா?” என்று கரையிலிருந்து குரல் வந்தது.

“இல்லக்கா, ஒண்ணுமேயில்ல.”

அக்கரை ஏறியதும் சிற்றெறும்பு பிஸ்கட்டைத் தொடவில்லை. முதலில் ஒவ்வொரு காலாக உதறி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டது.